மண் தரை, சாணித் தரை, சிமெண்ட் தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். தரை போடும் கட்டம் வந்ததும் வீட்டு ஆண்கள் கேட்பது பெரும்பாலும் டைல்ஸ் கலர் பற்றித்தான். மகளிர் குழுக் கூட்டத்திலோ அங்கன்வாடி வாசலிலோ உட்கார்ந்து பேசினால் கேள்வி வேறு மாதிரி வரும். பிள்ளையின் வயிறு, குடல்பூச்சி, ரத்தசோகை, பாட்டியின் மூட்டுவலி எல்லாம் தரையில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள்.

"பிள்ளைக்கு அடிக்கடி வயித்தால போகுது. அதுக்கும் தரைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை பிள்ளை இருப்பது தரையில்தான். தவழும், விழும், கண்ணில் பட்டதை எடுத்து வாயில் போடும். வெளியே போய் வந்தவர்களின் கால், வாசலில் திரியும் கோழி, உள்ளே வந்து படுக்கும் ஆட்டுக்குட்டி என்று எது கொண்டுவந்த அசுத்தமும் மண் தரையில் கலந்துவிடும். கூட்டினால் மேல்தூசி போகும், உள்ளே இறங்கியது போகாது. ராத்திரி பிள்ளை பாயிலேயே போய்விட்டால் பாயை அலசலாம், மண்ணை அலச முடியாது. மண் தரையின் பெரிய குறையே அதைக் கழுவ முடியாது என்பதுதான்.

பூச்சி விஷயமும் இதோடு சேர்ந்தது. உருண்டைப்புழு ஒன்று நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும். கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். 5 முதல் 10 நாளில் அந்தப் புழுக்குஞ்சு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்து, வெறும் கால் வழியாக ஏறி, கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். இரண்டுமே மண்ணில் கிடந்துதான் தொற்றும் நிலைக்கு வருகின்றன. வழவழப்பான, காய்ந்த, அடிக்கடி துடைக்கிற தரையில் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

"நாங்க வாரா வாரம் சாணி போட்டு மெழுகுறோமே, சாணி கிருமிநாசினிதானே?"

சாணி மெழுகுவதில் நன்மை இல்லாமல் இல்லை. தூசி பறக்காது, சின்ன விரிசல் அடைபடும், வெறும் மண்ணை விடக் கூட்டுவது சுலபம். சிமெண்ட் கைக்கு எட்டாத காலத்தில் அதை விட நல்ல வழி இருந்திருக்காது. ஆனால் சாணி மாட்டின் மலம். மாட்டின் குடலில் இருக்கும் கிருமிகள் பச்சைச் சாணியிலும் இருக்கும், அவற்றில் மனிதனுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற வகைகளும் உண்டு. கிருமியைக் கொல்ல வேண்டியதே கிருமியோடு வருகிறது.

இப்போதைக்கு மெழுகத்தான் முடியும் என்றால், மெழுகிய தரை நன்றாகக் காயும் வரை பிள்ளையை இறக்கிவிடாதீர்கள், மெழுகிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தையின் தொப்புள் ஆறாத வீட்டில் சாணியைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். சாணியிலும் மண்ணிலும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்கும். பிறந்த பிள்ளைகளுக்கு வரும் ரணஜன்னியை 2015இல் இந்தியா ஒழித்துவிட்டது, அதற்குக் காரணம் கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும். அந்தக் கிருமி மண்ணை விட்டு எங்கேயும் போய்விடவில்லை.

"எங்க அப்பத்தா மண் தரையிலதான் எட்டுப் பிள்ளை வளத்துச்சு. யாருக்கு என்ன ஆச்சு?"

அப்பத்தாவிடமே கேட்டுப் பாருங்கள், எட்டுப் பிள்ளை வளர்த்தாரா, எட்டுப் பிள்ளை மிஞ்சியதா என்று. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது தாண்டவில்லை. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் அது 13. இந்த மாற்றத்தைத் தரை செய்யவில்லை. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், உப்புச் சர்க்கரைக் கரைசல், குடிநீர் எல்லாம் சேர்ந்து செய்தவை. அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

"தரை போட்டா நோய் குறையும்னு எந்த ஊர்ல சோதிச்சுப் பாத்தாங்க?"

மெக்சிகோவில். அங்கே கொவாயிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு 'பீசோ ஃபிர்மே' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெயருக்கு உறுதியான தரை என்று பொருள். மண் தரை வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை அரசே கான்கிரீட் கொடுத்தது. வீட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 150 டாலர். திட்டம் வந்த டொர்ரெயோன் நகரத்துக் குடும்பங்களையும், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் திட்டம் வராத நகரங்களின் குடும்பங்களையும் 2005இல் ஒப்பிட்டார்கள். முடிவு 2009இல் வெளியானது. மண் தரை முழுவதும் சிமெண்ட் தரையான வீடுகளில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் குடல்பூச்சி 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், ரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். மொழி, புரிதல் சோதனைகளிலும் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக வாங்கினார்கள். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. கடைசிச் செய்தி எனக்கு ஆச்சரியமே தரவில்லை. விடிந்தால் பொழுது சாய்ந்தால் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள்தானே.

ஆனால் இந்த எண்களை அப்படியே தூக்கி நம் ஊருக்குப் போட்டுவிடக் கூடாது. அது நகரத்து ஏழைக் குடியிருப்பு. வீட்டுக்குள் ஆடு மாடு இல்லை, பக்கத்தில் கண்மாய்க்கரை இல்லை. திசை நம்பத் தகுந்தது, அளவு ஊருக்கு ஊர் மாறும்.

"நல்ல தரை போட்டவன் வசதியானவன். அவன் பிள்ளை நல்லா இருக்கறது வசதியாலயா தரையாலயா?"

நல்ல கேள்வி. கப்பலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டார். தரை நன்றாக உள்ள வீட்டில் சாப்பாடும் நன்றாக இருக்கும், கழிவறை இருக்கும், அம்மா படித்திருப்பார். வங்கதேசத்திலும் கென்யாவிலும் சிமெண்ட் தரை வீட்டுப் பிள்ளைகளிடம் குடல்பூச்சி குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதில் வசதியின் பங்கு எவ்வளவு என்று முழுசாகப் பிரிக்க முடியாது. மெக்சிகோ ஒப்பீட்டுக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவை, ஒரு பக்கம் அரசு தரை போட்டது, மறுபக்கம் போடவில்லை.

அதே வங்கதேசத்திலும் கென்யாவிலும் தண்ணீர் சுத்திகரிப்பு, கழிவறை, கை கழுவுதல் ஆகியவற்றை மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கொண்டுவந்து பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் அதுவும் குறையவில்லை. இந்த மூன்றினால் மட்டும் பிள்ளைகள் உயரமாக வளரவில்லை என்பது இரண்டு நாட்டிலும் ஒன்றுபோல. பிள்ளை புழங்கும் மண்ணும், வீட்டுக் கோழி ஆடுகளும் விட்டுப்போயின என்ற பேச்சு அதற்கப்புறம் வலுத்தது.

"ஒரு ரூமுக்குத்தான் காசு இருக்கு. முன் ஹாலுக்குப் போடவா, உள் ரூமுக்குப் போடவா?"

பிள்ளை எங்கே படுத்து, எங்கே தவழுகிறதோ அங்கே. அடுத்து அடுப்படி. முன் ஹால் கடைசி. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. வருகிற விருந்தாளி பார்க்க முன்னால் பளபளவென்று டைல்ஸ், பின்கட்டில் பிள்ளை மண்ணில் என்று எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன். டைல்ஸுக்குப் போன காசில் அந்த இரண்டு அறைக்கும் சிமெண்ட் பூசியிருக்கலாம்.

பத்துக்குப் பத்து அறைக்கு மூன்று அங்குலம் அடிக் கான்கிரீட், அதன் மேல் முக்கால் அங்குலம் பூச்சு என்றால் சிமெண்ட் நான்கைந்து மூட்டை ஆகும். ஒரு கொத்தனார், ஒரு நிமிந்தாள் (ஆண் கூலியாள்), இரண்டு சித்தாள் இருந்தால் அடித்தளம் ஏற்கெனவே திமிசுக் கட்டையால் இடித்து இறுகியிருக்கும் பட்சத்தில் வேலை நீளாது. வீட்டுக்காரர்கள் சித்தாள் வேலையைத் தாங்களே செய்தால் கூலி மிச்சம். அப்படிச் செய்தால் கையுறை போடுங்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும்.

"டைல்ஸ் போட்டாத்தானே சுத்தம்?"

இல்லை. சுகாதாரக் கணக்கில் நன்றாகத் தேய்த்த சிமெண்ட் தரையும் டைல்ஸும் ஒன்றுதான். இரண்டையும் கழுவலாம். பளபள டைல்ஸில் ஈரக்கால் பட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள், இடுப்பெலும்பு முறிவு எழுபது வயதுக்காரரைப் படுக்கையில் தள்ளிவிடும். டைல்ஸ்தான் என்றால் குளியலறைக்கும் தாழ்வாரத்துக்கும் சொரசொரப்பானது வாங்குங்கள். செலவு கட்டுப்பட வேண்டும், பார்க்கவும் அழகாக வேண்டும் என்றால் ரெட் ஆக்சைடு கலந்து தேய்ப்பது இன்றைக்கும் நல்ல வேலைதான். தேய்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும்.

"எங்க ஊர் கரிசக்காடு. போட்ட தரை ஒரே வருசத்துல பாளம் பாளமாப் பிளந்துருச்சு. என்ன பண்றது?"

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் இது தீராத புகார். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். மேலே போட்ட இரண்டு அங்குலச் சிமெண்ட் அதோடு சண்டை போட முடியாது. பிளந்த தரை சுகாதாரத்துக்கும் ஆகாது. விரிசலில் அழுக்கும் ஈரமும் இறங்கினால் பாதி மண் தரைக்குத் திரும்பிய மாதிரிதான், எலியும் தேளும் வேறு குடிவரும்.

அறைக்குள் இருக்கும் கரிசலை ஒன்றரை அடியாவது வெட்டி எடுங்கள். அந்த இடத்தில் கிராவல் போட்டு, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்து திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடித்தால் இறுகாது. அதன் மேல் ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு சல்லி என்ற கலவையில் அடிக் கான்கிரீட், அப்புறம் ஒன்றுக்கு நாலு பூச்சு. பெரிய அறையை ஒரே பாளமாகப் பூசாமல் நாலடிக்கு நாலடி கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். விரிசல் வந்தாலும் பட்டையோரம் வரும்.

இன்னொன்றைக் கொத்தனார்கள் சொல்ல மாட்டார்கள். குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் சுவரோரமாகத் தேங்க விட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். ஒரு பக்கம் மண் நனைந்து உப்பும், மறுபக்கம் காய்ந்து சுருங்கும். தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தள்ளி விடுங்கள்.

"கூட்டக் கூட்ட வெள்ளையா மாவு வருது. அதுவும் நோய்தானே?"

கலவையில் தண்ணீர் அதிகமாக விட்டிருப்பார்கள், அல்லது பூசிய பின் ஈரம் காக்காமல் விட்டிருப்பார்கள். மேல்தோல் வலுவில்லாமல் உதிர்கிறது. இளைப்பு உள்ள பிள்ளைக்கு அந்தத் தூசி நல்லதில்லை. கூட்டுவதை விட்டு ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்சம் அடங்கும். நிரந்தரத் தீர்வு, உதிரும் மேற்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபூச்சுப் போடுவதுதான். வெறும் சிமெண்ட் பாலைக் கரைத்து மேலே ஊற்றிவிட்டுப் போனால் அதுவும் சீக்கிரம் தகடு தகடாக உரிந்துவிடும்.

"தண்ணி எத்தனை நாள் விடணும்? மூணு நாள் போதும்ங்கறாரு கொத்தனாரு."

போதாது. சாதா சிமெண்ட் என்றால் ஏழு நாள், இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாள். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதை விட ஈரச் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருப்பது நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு வளர்ந்து பறந்தே போய்விடும். வயிற்றுப்போக்கைத் தடுக்கப் போட்ட தரை காய்ச்சலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.

"சிமெண்ட் தரையில படுத்தா மூட்டுவலி வருமாமே?"

தரையின் குளிர்ச்சியால் மூட்டுத் தேய்மானம் வராது. ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்குக் குளிரில் விறைப்பு கூடலாம், கெட்டித் தரையில் நாளெல்லாம் நின்றால் குதிகால் வலிக்கலாம். கோரைப்பாய் மேல் ஒரு ஜமுக்காளம், வீட்டுக்குள் ஒரு ரப்பர் செருப்பு, இது போதும். தரை எப்போதும் ஈரம் கோத்துக் கிடந்தால் அது வேறு கோளாறு. பூமியின் ஈரம் மேலே ஏறுகிறது. அடிக் கான்கிரீட்டுக்குக் கீழே கெட்டியான பாலிதீன் ஷீட் விரிப்பதும், பேஸ்மட்டத்தைத் தெருவை விட ஒன்றரை இரண்டடி தூக்கிக் கட்டுவதும் அதற்கு மருந்து. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடும் பழக்கத்தால், உயரமாகக் கட்டிய வீடும் சில வருசத்தில் பள்ளத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் இன்னும் அரையடி சேர்த்தே கட்டுங்கள்.

"தினம் பினாயில் போட்டுத் துடைச்சாப் போதுமா?"

பாக்டீரியாவுக்குப் பினாயில் உதவும். உருண்டைப்புழு முட்டையின் ஓடு தடிமனானது, பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதை அசைக்காது. வெந்நீரும் வெயிலும்தான் கொல்லும். அதனால் முட்டையைக் கொல்வதை விட வெளியே தள்ளுவதுதான் நடக்கிற காரியம். நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்து வாசல் வழியாகத் தள்ளுங்கள். அதற்குத்தான் தரையை வாசல் பக்கம் லேசாகச் சரித்துப் பூசச் சொல்வது.

"ஆடும் கோழியும் ராத்திரி உள்ளதான் படுக்கும். வெளிய விட்டா களவு போயிரும்."

களவுப் பயம் நியாயமானது. வெள்ளாடு பல குடும்பத்துக்குச் சேமிப்பு. ஆனால் கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி தாராளமாக இருக்கும், பிள்ளை அதைத் தொட்டு வாயில் வைக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி, கதவு வீட்டுப் பக்கமே திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கொட்டகை போட்டுக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து அறையின் ஒரு மூலையோடு நிறுத்துங்கள், விடிந்ததும் அந்த மூலையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை இறக்குங்கள். மண் தரையில் இந்த வழிக்கே இடமில்லை.

"சிமெண்ட் போட்டாச்சு. இனிமே பாம்புப் பயம் இல்லைல?"

பொந்து குறையும், பயம் போகாது. ராத்திரி தரையில் படுப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடித்தது பல சமயம் வலிக்கவே வலிக்காது, காலையில் கண் இமை தூக்க முடியாமல் இருக்கும்போதுதான் தெரியும். சுவரும் தரையும் சேரும் இடத்தையும் கதவின் அடி இடைவெளியையும் அடையுங்கள். கட்டிலில் படுங்கள், தரையில்தான் என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றாலே 108.

"தரை போட்டு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னமும் பிள்ளைக்குப் பூச்சி இருக்குங்கறாங்களே?"

தரை வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் தெருவுக்குப் போகும், கண்மாய்க்கரைக்குப் போகும். ஊரில் பாதிப் பேர் இன்னும் வெளியே ஒதுங்கினால் மண் அங்கே அசுத்தமாகத்தான் இருக்கும். கழிவறையைக் கட்டி அதில் விறகு அடுக்கி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செருப்பு, கழிவறை, சாப்பிடும் முன் சோப்பு, இவை இல்லாமல் தரை தனியாக ஜெயிக்காது.

பூச்சி மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் இலவசமாகத் தருகிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் அரை மாத்திரை, மேலே முழு மாத்திரை. மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும், மறுபடி தொற்றுவதைத் தடுக்காது. அந்தத் தடுப்பு வேலையில் ஒரு பங்குதான் தரைக்கு. ரத்தசோகைக்கும் தரை மட்டும் மருந்தில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களில் பலர் நல்ல தரை உள்ள வீட்டுப் பிள்ளைகள். கீரை, முட்டை, இரும்புச்சத்து மருந்து எல்லாம் அதனதன் இடத்தில் வேண்டும்.

"தரைக்கு மட்டும் அரசாங்கம் பணம் தருமா சார்?"

நான் பார்த்தவரை வருவது வீட்டுக்கான பணம்தான். குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும் தனியாக உண்டு. பழைய தொகுப்பு வீடுகளைப் பழுது பார்க்கவும் அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கட்டம் கட்டமாக வரும் என்பதை மறக்காதீர்கள். சுவரையும் கூரையையும் அளவுக்கு மீறி இழுத்துவிட்டு, தரைக்கு வரும்போது கை காலியாகி, கான்கிரீட் கூரைக்குக் கீழே மண் தரையில் குடியிருப்பவர்கள் நிறைய. திட்டம் போடும் அன்றைக்கே தரைக்கான சிமெண்ட்டைத் தனியாக ஒதுக்கி எழுதிவையுங்கள்.

"புறம்போக்குல இருக்கோம், பட்டா இல்ல. நாளைக்கே காலி பண்ணச் சொன்னா போட்ட காசு போச்சே?"

அப்படியானால் பெயர்த்து எடுத்துப் போகக்கூடிய தரை போடுங்கள். மண்ணைச் சமன் செய்து திமிசு போட்டு, இரண்டு அங்குலம் மணல் விரித்து, மேலே கடப்பா கல் பதிக்கலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பும் மணலும் கலந்து அடைத்தால் அழுக்கு இறங்காது, தட்டினால் கல் உடையாமல் வந்துவிடும். அதுவும் முடியாது என்றால் செங்கல்லைப் படுக்கையாகப் பதித்து மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. பூச்சுதான் நஷ்டம், கல் உங்களுடையது. ருவாண்டாவில் எர்த்எனேபிள் என்ற அமைப்பு கிராவலையும் களிமண்ணையும் இறுக்கி, மேலே தாவர எண்ணெய் பூசிக் கெட்டிப்படுத்தி, சிமெண்ட்டை விடக் குறைந்த செலவில் கழுவக்கூடிய தரை போட்டுத் தருகிறது. நம் பக்கத்தில் அப்படிப் போட ஆள் கிடையாது, அதனால் கடப்பா கல்லையே சொல்கிறேன். முழு அறைக்கும் கல் வாங்க முடியாவிட்டால் பிள்ளை படுக்கும் மூலையில் ஆறடிக்கு ஆறடி போட்டு, மற்றதை அடுத்த அறுவடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.